கரைகிற மருந்து, நாலு பேர்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது. ஒருத்தி வாயைத் திறக்காமல், தன் மனசுக்குள்ளேயே ஒரு முற்பகல் முழுக்கப் புழுங்கிக் கிடந்த கதை. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. அதில் தரைக்குக் கீழே ஒரு தளம், வெயிலே எட்டிப் பார்க்காத இடம். சுவரெல்லாம் ஈயத்தகடு வைத்துக் கட்டினது. அங்கே பதினெட்டு வருஷமாக ஸ்கேன் எடுக்கிறவள் ஞானசவுந்தரி. எல்லோருக்கும் சவுந்தரி. தை மாசத்து வெள்ளிக்கிழமை, மணி ஒன்பதே முக்கால். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே நாலு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்பது மணிக்கு வரவேண்டிய மருந்து இன்னும் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அவள் தலைக்குள் நடந்தது இவ்வளவில்லை.

அந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாதிரி ஒன்று, அதில் கதிரைச் சேர்த்திருப்பார்கள். ஊசியில் ஏற்றினால், உடம்புக்குள் புற்று எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதோ அங்கே போய் மொய்க்கும். மெசின் கண்ணுக்கு அது விளக்கு மாதிரித் தெரியும். கோயம்புத்தூரில் விடியற்காலையில் செய்து, ஈயக் குடுவையில் அடைத்து, காரில் ஏற்றி அனுப்புவார்கள். அடைத்த நிமிஷத்திலிருந்தே அது கரைய ஆரம்பித்துவிடும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது, பாதி போய்விடும். இன்னொரு இரண்டு மணி நேரம், மீதியிலும் பாதி. ஐஸ் பெட்டியில் வைத்தாலும் நிற்காது. கும்பிட்டாலும் நிற்காது. இது தெரிந்தவள் கடிகாரத்தைப் பார்க்கிற விதமே வேறே. மற்றவர்களுக்கு முள் நகர்கிறது, இவளுக்கு முள் தின்கிறது. ஒன்பதே முக்கால். இப்போது எவ்வளவு இருக்கும்? கதிர்க் கணக்கில் நாற்பது புள்ளி, வந்து சேருகிற நேரத்துக்கு இருக்கும்படி கட்டினது. ஒன்பது மணிக்கு நாற்பது. இப்போது முப்பது. இதை நினைத்து முடிப்பதற்குள் முப்பதும் இல்லை. மருந்துக் காரை ஓட்டிவருகிற மைதீன் போனில் சொன்னான், "அக்கா, ரோடு பூரா பாதயாத்திரைக் கூட்டம்க்கா, காவடிதான் தெரியுது, தார் தெரியல. பந்தல் போட்டுச் சோறு குடுக்கிறாங்க, லாரி எல்லாம் குறுக்க நிக்குது. ஹாரன் அடிச்சா அரோகரான்றாங்க. நான் என்ன செய்யட்டும்?" அவனை என்ன சொல்ல. பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். குடுவைக்குப் பக்கத்தில் உட்கார யோசித்து முதல் மாசம் பூரா சட்டைக்குள் தாயத்து கட்டிக்கொண்டு வந்தவன். தைப்பூசம் வருகிறது என்று காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறதே, ரெண்டு மணி நேரம் முந்திக் கிளப்புங்கள் என்று போன வாரமே எழுதிப் போட்டாளே, அந்தக் கடுதாசியை யார் படித்தார்கள்? படிக்கிறவர் சென்னையில் மாநாட்டில் இருக்கிறார்.

மாநாடு. அந்தச் சொல் பல்லில் மாட்டின நார் மாதிரி அவளுக்கு. மூன்று நாளாகக் கையிலிருக்கிற போன் டிங் டிங் என்கிறது. கதிர் மருத்துவக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பு. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ. சங்கத்துத் தேர்தலில் யார் செயலாளர். மத்தியானம் என்ன சாப்பாடு, ஐஸ்கிரீம் இருந்ததா. புது மருந்து வந்திருக்கிறதாம், ஒரே மருந்து புற்றைக் காட்டவும் செய்யும், கொல்லவும் செய்யுமாம். அதையும் தாண்டி இன்னொன்று, ஒரு செல்லைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு அடுத்த செல்லைத் தொடாதாம், வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். வரட்டும், நல்லதுதான். கைதட்டுகிற படம் பத்து. ஆனால் அதுவும் ஒரு நாள் ஏதோ ஒரு மைதீன் வண்டியில்தானே வர வேண்டும், அதுவும் வழியில் கரையத்தானே செய்யும், அதைப் பற்றி ஒருத்தராவது எழுந்து கேட்டாரா? இவளும் போக ஆசைப்பட்டாள். லீவு கேட்டபோது டாக்டர் நவநீதன், அவர்தான் இந்தத் தளத்துக்குப் பெரியவர், சிரித்துக்கொண்டே சொன்னார், "நீங்களும் வந்துட்டா இங்க யாரு பாக்குறது சவுந்தரி? நீங்கதான இந்த டிபார்ட்மென்ட்டோட தூணு." தூண். தூணுக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

"மேடம்," என்று கூப்பிட்டார் பூட்டுக்கடைக்காரர். தொண்ணூற்று நாலு கிலோ, நாலு பேரில் பெரிய உடம்பு. "ஒரே ஒரு வடை மட்டும் தின்னுக்கிறேனே. இந்த உடம்புல ஒரு வடை எங்க போச்சுன்னு உங்க மெசினுக்கே தெரியாது." தெரியும் ஐயா, சர்க்கரை ஏறினால் மருந்து சதைக்குள் போய்விடும், படம் பூரா சேறு என்றாள். "அப்ப அந்த மருந்தை எங்க கடைப் பூட்டுல ஒண்ணைப் போட்டுப் பூட்டி அனுப்பச் சொல்லுங்க. திண்டுக்கல் பூட்டு, எதுவும் வெளிய போகாது" என்றார். பக்கத்தில் ரிட்டையர்டு வாத்தியார் சிரித்தார். அதற்கடுத்து ஒரு பாங்கிக்கார அம்மா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் குருவம்மா. முப்பத்தெட்டு கிலோ. நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டுகிறவள், மார்பில் கட்டி. முதல் பஸ்ஸுக்கு வந்தவள், நேற்று ராத்திரி ஏழு மணியிலிருந்து வெறும் வயிறு, குளிருக்குக் கம்பளி போர்த்தி உட்கார வைத்தால் கம்பளிக்குள் ஏதோ அசைகிறது. விலக்கிப் பார்த்தால் மடியில் ஒரு பை மல்லிகை, வாழைநார், விரல் தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது. "அக்கா, கையை அசைக்கக் கூடாதுன்னு எத்தனை தரம் சொல்றது?" "நான் எங்க தாயி அசைக்கிறேன், அது அசையுது" என்றாள் குருவம்மா. தன்னைச் சிரிக்க வைத்துவிட்டாளே என்று சவுந்தரிக்குக் கோபம். போன வருஷம் ஒருத்தர் ஊசி போட்டபின் கக்கூசுக்குள் போய்ப் புகையிலை மென்றுவிட்டு வந்து படுத்தார். படத்தில் தாடை பூரா தீ. டாக்டர் பரவிவிட்டது என்று எழுதக் குனிந்தார், இவள்தான் அந்த ஆள் வாயை முகர்ந்து பார்த்துத் தடுத்தாள். வேலை செய்கிற சதையும் அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், விரல் கட்டினால் படத்தில் முன்கை எரியும். எரிந்தால் அது புற்றா, பூவா என்று யார் சொல்வது? பையை வாங்கி அவள் புருஷன் சோலையிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். அவன் வாசலில் நின்று, "அம்மா, இன்னிக்குப் படம் கிடைச்சிரும்ல? நாளைக்கு மதுரையில பெரிய டாக்டருங்க கூடி இவளுக்கு ஆபரேசனா, வெறும் மருந்தான்னு முடிவு சொல்றாங்க. படம் இல்லாம வராதேன்னுட்டாங்க. விட்டா அடுத்த கூட்டம் மூணு வாரம் கழிச்சுத்தான்" என்றான். கிடைத்துவிடும் என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

பத்து ஐந்துக்கு டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சு அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அவள் காதுக்குள்ளேயே சுற்றியது, மின்விசிறியில் மாட்டின பூச்சி மாதிரி. "சார், வண்டி வர பதினொண்ணரை ஆயிரும் போல." "அப்போ மூணு பேரைப் பாருங்க. கடைசி ஆளை அடுத்த வாரம் வரச் சொல்லுங்க." "நம்ம முறையில பிரிச்சா நாலு பேருக்கும் வரும் சார்." "சவுந்தரி. நான் ஊர்ல இல்லாதப்ப எதையும் கிளறாதீங்க. சுவத்துல என்ன ஒட்டியிருக்கு? ஒருத்தருக்கு அஞ்சுக்குக் கீழ கூடாது. அதான். கம்ப்ளெயின்ட் ஏதாச்சும் வந்தா யாரு பதில் சொல்றது? போனை அணைக்கப்போறேன், பதினொண்ணு நாப்பதுக்கு என் பேச்சு. அந்த முறையைப் பத்தித்தான் பேசப்போறேன், தெரியும்ல?" தெரியும் சார். அதுதான் சார் தெரியும். எந்த முறையை இங்கே கிளறக் கூடாதோ அதை அங்கே கிளறி முந்நூறு பேருக்கு ஊற்றப்போகிறீர்கள்.

நம்ம முறை என்று சொன்னாளே, அந்த 'நம்ம' எப்போது ஒட்டிக்கொண்டது? அவளுக்கு அது வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவள் அப்பா சின்னப்பன் பேகம்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கரண்ட் போன சாயங்காலத்தில் கல்யாண ஜோடி ஒன்று வந்து நிற்கும். வெளிச்சம் இல்லையே என்றால் அவர் சொல்வார், வெளிச்சம் கம்மியா இருந்தா கண்ணை அதிக நேரம் திறந்து வை, அவங்களை அசையாம இருக்கச் சொல்லு, அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மருந்து கரைந்து வந்த ஒரு நாள், அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. உடம்பு கனத்தவரை முதலில் விடு, மெலிந்தவரைக் கடைசியில் வை. மெலிந்த உடம்பு மெல்லிய திரை மாதிரி, சின்ன விளக்கே தெரியும். ஊசியில் குறை, மெசினுக்குள் படுக்கிற நேரத்தைக் கூட்டு. டாக்டரிடம் சொன்னாள். அவரும் நல்லவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், கமிட்டியில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருத்தருக்கும் எடை, அளவு, நேரம் எல்லாம் கோடு போட்ட நோட்டில் இவள் கைப்பட எழுதினது. படத்தில் குறையே இல்லை. மாநாட்டில் பேசி முடித்துவிட்டுச் சுவரில் ஒட்டலாம் என்றார். முதல் மாதம் 'உங்க யோசனை' என்றார். ஆறாம் மாதம் 'நம்ம முறை'. இந்த மாதம் அழைப்பிதழில் பார்த்தால் ஒரே பேர், பெரிய எழுத்தில். "உங்க பேரு நன்றி சொல்ற பக்கத்துல வரும்மா." அந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் டீக்கு எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால் மனசு அவளை அங்கேயே நிற்கவும் விடவில்லை. வேறொரு பக்கம் போய்க் குத்தியது. ஏன் சவுந்தரி, நாலாவது ஆளை எடுக்க வேண்டும் என்று துடிக்கிறாயே, குருவம்மாவுக்காகவா, வயிற்றெரிச்சலுக்காகவா? அவள் அக்குளில் ஒரு கடுகு அளவு பொட்டு இருந்து, அது மங்கலாகத் தெரிந்து, நீ விட்டுவிட்டால்? மதுரையில் ஒன்றும் இல்லை என்று நினைத்து ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டால்? நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டு கிலோ எத்தனை பேர்? ரெண்டு பேர். இல்லை, மூன்று. அந்தப் பள்ளிக்கூடத்து ஆயாவோடு மூன்று. மூன்றும் தெளிவாக வந்தது. வந்ததா? வந்தது, அவளே பார்த்தாள், ஆயாவின் கழுத்தில் அரிசி அளவு. மங்கலாக வந்தால் இன்னொரு பத்து நிமிஷம் கூட்டலாம், அதுதானே முறை. இருந்தாலும் சட்டையில் குத்தியிருக்கிற கதிர் அட்டை திடீரென்று கனத்தது. பதினெட்டு வருஷமாக மூன்று மாசத்துக்கு ஒரு தரம் அந்த அட்டையைக் கழற்றி அனுப்பி, எவ்வளவு கதிர் உன்மேல் பட்டது என்று கணக்கு வரும். அவள் பட்டதையெல்லாம் அளக்கிற அட்டை. இதை அளக்க அட்டை இல்லை. மணி பதினொன்று. இப்போது பத்தொன்பது. பதினொன்று ஐந்து. பதினெட்டு. வாத்தியார் தூங்கிவிட்டார். குருவம்மா கம்பளிக்குள் விரலைப் பார்த்தால் நார் இல்லாமலேயே கட்டுகிறது. இவள் பக்கத்தில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டபின் பிடிக்க முடியாது, தள்ளித்தான் நிற்க வேண்டும், இப்போது பிடிக்கலாம். "தாயி, நான் கடைசி ஆளா?" என்றாள் குருவம்மா. "ஆமாக்கா." "கடைசிக்கு மிச்சம் இருக்குமா?" பசியோடு பந்தியில் நிற்கிறவள் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். இவள் கம்பளியை இழுத்து அவள் தோள்வரை மூடிவிட்டாள்.

பதினொன்று முப்பதுக்கு மைதீன் குடுவையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிவந்தான், நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதி. "ஒரு காவடிக்காரரு இறங்கி வழி எடுத்து விட்டாருக்கா, மருந்துன்னு சொன்னேன், பூசிவிட்டுட்டாரு." குப்பியை அளக்கிற மெசினுக்குள் இறக்கினாள். பதினாறு. அவள் மனசில் போட்ட கணக்குக்கு அரைகூடத் தப்பவில்லை, அதில் ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு எரிச்சல். சுவரில் ஒட்டினபடி என்றால் ஐந்து, ஐந்து, ஐந்து. மிச்சம் ஒன்று, அதுவும் கடைசி ஊசிக்குள் கரைந்து அரை. குருவம்மாவுக்கு அரை. தன் முறைப்படி என்றால் ஐந்து, நாலரை, மூன்றரை, இரண்டுக்கு மேல் கொஞ்சம், இடையில் கரைகிறது போக. இரண்டு வழியிலும் முதல் ஆளுக்கு ஐந்துதான். பிரிவது இரண்டாவது ஊசியில். பூட்டுக்கடைக்காரருக்குப் போட்டாள். "இதுக்கா இவ்வளவு நேரம்? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வாயை மூடிப் படுங்கள், பேசினால் நாக்கு எரியும் என்று கதவைச் சாத்தினாள். இரண்டாவது ஊசியைக் கையில் எடுத்தாள். எடுத்தாள், இழுக்கவில்லை. ஐந்தா, நாலரையா? சிறிசுதான் வித்தியாசம், கோடு ஒன்று. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் குருவம்மா உட்கார்ந்திருக்கிறாள். மாடியில் டியூட்டி டாக்டர் சுபிக்ஷா இருக்கிறது, சின்னப் பொண்ணு, கையெழுத்துப் போட வேண்டியது அது. காலையிலேயே கேட்டாள். "சார் சொன்னா நான் போட்டுர்றேன் மேடம், சார் சொல்லணுமே" என்றது. சார் சொல்லணும். சார் போன் அணைந்து கிடக்கிறது. சார் இப்போது மேடையில். மேடை.

அப்போதுதான் அவள் மனசு ஒன்றரை மணி நேரமாகச் சுற்றின சுற்றில் போய் ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. போன் டிங் என்றது. குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள்: வர முடியாதவர்கள் இந்த லிங்க்கில் பார்க்கலாம், கீழே கட்டத்தில் கேள்வி கேட்கலாம். மாடிக்குப் போன் போட்டாள். "டாக்டர், கொஞ்சம் கீழ வாங்க. நம்ம சார் பேசுறாரு, சேர்ந்து பார்ப்போம்." அந்தப் பொண்ணு ஓடி வந்தது. கம்ப்யூட்டரில் டாக்டர் நவநீதன், நீலக் கோட்டு. பின்னால் திரையில் ஒரு அட்டவணை. சவுந்தரி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அவள் கையெழுத்து. அவள் நோட்டுப் பக்கம். ஏழுக்கு அவள் போடுகிற குறுக்குக் கோடு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் மேலே அவள் பேரை எழுதியிருப்பாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். அந்த ஓரம் இல்லை. ஒழுங்காக, நேராக, வெட்டியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. அழுகிற நேரத்தில் கால் புள்ளி கரையும். கட்டத்தில் தட்டித் தடவி இங்கிலீசில் எழுதினாள்: ஐயா, வணக்கம். இந்த நிமிஷம் எங்கள் மருந்து தாமதமாகப் பதினாறு வந்திருக்கிறது. நாலு பேர் காத்திருக்கிறார்கள், கடைசியானவர் முப்பத்தெட்டு கிலோ. நீங்கள் சொல்லும் முறையில் நாலு பேரையும் எடுக்கலாமா? எடுக்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது சரியா? திண்டுக்கல்லிலிருந்து ஒரு டெக்னாலஜிஸ்ட்.

மேடையில் தலைமை வகித்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை அப்படியே உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "அடடே, டாக்டர், உங்க ஊர்லேருந்தே கேள்வி வந்திருக்கு. இதுக்குத்தானே உங்க முறை?" என்றார். கூட்டம் சிரித்தது. டாக்டர் நவநீதன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடித்தார். அந்த ஒரு மடக்குக்கு எவ்வளவு கரைந்தது என்று சவுந்தரி எண்ணினாள். "தாராளமா எடுக்கலாம்," என்றார், "நாலு பேரையும். அதுக்காகத்தான் இந்த முறை. ஒருத்தரைத் திருப்பி அனுப்புறது... தேவையில்லை." "அப்ப அவங்க இப்பவே ஊசியைப் போடலாம்ல?" "போடலாம்." முந்நூறு பேர் கைதட்டினார்கள். சுபிக்ஷா இவளைப் பார்த்தது, திரையைப் பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டது. "மேடம், நீங்க..." "சார் சொல்லிட்டாருல்ல டாக்டர்? கையெழுத்துப் போடுங்க." மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. நாலரைக்கும் கொஞ்சம் குறைத்து வாத்தியாருக்கு இழுத்தாள். பாங்கிக்கார அம்மாவுக்கு மூன்றே கால். குருவம்மாவுக்கு இரண்டு. சரியாக இரண்டு. குப்பியில் ஒரு துளி ஈரம் கூட மிச்சமில்லை.

மருந்து உடம்பில் ஊற விட்டு, முன்னால் மூன்று பேரும் முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குருவம்மா நாற்பது நிமிஷம் மெசினுக்குள் படுத்தாள். விரலை நிறுத்த முடியாது என்று தெரிந்து, துணிப் பட்டையால் இரண்டு கையையும் உடம்போடு அணைத்துக் கட்டியிருந்தாள் சவுந்தரி. திரையில் படம் மெள்ள மெள்ள ஊறி வந்தது, அப்பா சின்னப்பன் ஸ்டுடியோவில் மருந்துத் தண்ணித் தட்டில் போட்ட போட்டோத் தாள் மாதிரி. மார்பில் ஒன்று, அது தெரிந்ததுதான். அக்குளில், கடுகுக்கும் சிறிசாக, ஒன்று. தெரிந்தது. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று. நல்ல சேதி இல்லை அது. ஆனால் நாளைக்கு மதுரையில் கத்தி எங்கே போக வேண்டும் என்று சொல்கிற சேதி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தாள், சந்தோஷப்படவும் முடியாமல், படாமல் இருக்கவும் முடியாமல். போன் டிங் என்றது. டாக்டர். 'திங்கட்கிழமை பேசுவோம்.' அவ்வளவுதான். பேசுவோம் என்றால் என்ன பேசுவார் என்று மனசு மறுபடி சுற்றக் கிளம்பியது. கிளம்பட்டும் என்று விட்டுவிட்டு மருந்துப் பதிவேட்டைத் திறந்தாள். நாலு பேர், நாலு எடை, நாலு அளவு எழுதினாள். யார் உத்தரவு என்கிற இடத்தில், டாக்டர் நவநீதன், மேடையில், 11.52, கேட்டவர்கள் முந்நூறு பேர் என்று எழுதினாள். பேனா வலது ஓரத்துக்குப் போனது, பழக்கத்தில். அங்கே நின்றது. ஓரத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு, பக்கத்துக்கு நடுவில் வந்து, எடைக்கும் அளவுக்கும் இடையில், அந்த எண்களின் வாலும் தலையும் உரசும்படி, மேலிருந்து கீழாக, அடுத்த தாளிலும் அச்சு விழ அழுத்தி, சி. ஞானசவுந்தரி என்று எழுதினாள். இனி எவர் வெட்டினாலும் எண்ணைச் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.